அலுவிகாரையிலிருந்து தியபுபுல வரை: மாத்தளை மாவட்டத்தில் கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள்

நூற்றாண்டு மலர் என்றால் கணக்கெடுப்பு இல்லாமல் முடியாது. எமது கல்லூரியிலிருந்து எத்தனை வைத்தியர்கள், எத்தனை ஆசிரியைகள், எத்தனை அதிபர்கள், எத்தனை கணக்காளர்கள் சென்றார்கள் என்பதை இம்மலரின் மற்றப் பக்கங்கள் பெருமையோடு சொல்லும். வைத்தியர் வரிசையில் நிற்கும் எமக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. ஆனால் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்கும்போது ஒரு வரிசை வெறுமையாகத் தெரிகிறது. ஓவியமும் வடிவமைப்பும் செய்து, அதையே தொழிலாகக் கொண்டு, தன் காலில் நின்றவர்கள் எங்கே?

கை வளம் இல்லாமல் போனதால் வந்த வெறுமை இதுவல்ல. வாணி விழாவுக்கு மண்டபத்தை அலங்கரித்தவர்களும், தமிழ்த்தின மேடைக்குத் திரைச்சீலை வரைந்தவர்களும், மாசி மகத் தேர்த் திருவிழாவன்று முத்துமாரியம்மன் வரும் வீதியில் கோலமிட்டவர்களும் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். சாதாரண தரத்தில் சித்திரத்துக்கு அதிவிசேட சித்தி பெற்றவர்களுக்கும் குறைவில்லை. உயர்தரத்துக்கு வந்ததும் அவர்களில் பெரும்பாலோர் தூரிகையைக் கீழே வைத்தார்கள். "சித்திரம் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்ற கேள்விக்கு வீட்டிலும் பதில் இல்லை, பாடசாலையிலும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு எமது மாவட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. மாத்தளை நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே சில நிமிடப் பயணத் தூரத்தில் அது தொடங்குகிறது. அதை எம் இளைய தங்கையருக்காக இங்கே எழுதி வைக்க விரும்புகிறோம்.

அரசன் கொடுத்த காணி

கண்டி இராச்சியக் காலத்தில் கைவினைஞருக்குச் சந்தை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ அவர் வேலை செய்து கொடுத்தார். அதற்கு ஈடாக உழுது உண்ணக் காணி பெற்றார். காணிக்காகச் சேவை என்ற இந்த ஏற்பாட்டை இராஜகாரிய முறை என்பார்கள். தந்தையின் காணியோடு தந்தையின் தொழிலும் மகனுக்கு வந்தது. எந்த வடிவம், எந்த நிறம், யாருக்கு என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவான விடயங்கள்.

எமது மாவட்டத்தின் ஹபுவிட கிராமத்து அரக்கு வேலை அந்தக் காலத்தின் எச்சம். சூடாக்கிய அரக்கைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு நிறங்களில் நூல்போல இழுத்து, மரத்தின் மேல் வைத்து, கட்டைவிரல் நகத்தால் கிள்ளி வடிவம் அமைப்பார்கள். நகத்தால் செய்வதால் சிங்களத்தில் அதற்கு 'நியபொத்து' வேலை என்று பெயர். கைத்தடி, ஈட்டிப்பிடி, ஏட்டுச்சுவடிகளின் மரமட்டை என்று பல பொருள்கள் இவ்வாறு அழகுபெற்றன. தூரிகைகூட வேண்டாம். நகமும் பொறுமையும் போதும்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசையடுத்து 1832இல் இராஜகாரியக் கட்டாய சேவை ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலயக் காணிகளில் பழைய முறை ஓரளவு தொடர்ந்தாலும், கைவினைஞர் பலருக்கு அன்றுதான் விடுதலை கிடைத்தது. அதே நாளில் அவருக்கு வாடிக்கையாளரும் இல்லாமல் போனார். இனி அவர் விரும்பியதைச் செய்யலாம், விரும்பியவருக்கு விற்கலாம். வாங்க ஆளைத் தேடுவதும் விலை சொல்வதும் அவர் தலையில் விழுந்தது. இன்று 'சுயாதீனக் கலைஞர்' என்று அழகாகச் சொல்லும் நிலையின் சுகமும் சுமையும் அந்த நாளிலேயே ஒன்றாகப் பிறந்தன.

நிலவியலாளரும் நெசவாளரும்

அந்தக் கைவினை மரபு மறைவதற்குள் பதிவுசெய்தவர் ஒரு தமிழர் என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் மலைநாட்டுக் கிராமங்களெங்கும் சென்றார். கல்லைத் தேடிப் போனவர் கலையைக் கண்டார். ஹபுவிட அரக்குக் கலைஞர் உட்படக் கண்டிப் பகுதிக் கைவினைஞரின் தொழில்முறைகளை அவர் விவரித்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூல் 1908இல் இங்கிலாந்தில் கையச்சகம் ஒன்றில் 425 பிரதிகளாக வெளிவந்தது. ஆதரித்தவர் போனதால் கலைஞர் வறுமைப்பட்ட கதையை அந்நூல் முழுவதும் காணலாம்.

இப்பயணங்களில் அவருடன் சென்று புகைப்படங்கள் எடுத்தவர் அவருடைய முதல் மனைவி எதெல். 1903 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் வாழ்ந்த அவர், இங்கே துணி வேலைகளையும் தையல் வேலைகளையும் கூர்ந்து கவனித்தார். பின்னர் மணவாழ்வு முறிந்து இங்கிலாந்தில் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கியபோது, அவர் கையில் எடுத்தது தறியை. எதெல் மயிரே என்ற பெயரில் டிச்லிங் என்ற ஊரில் நெசவுப் பட்டறை நடத்தினார். இளம்பெண்களைச் சேர்த்துப் பழக்கினார். தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் ஒரு நூல் எழுதினார். 1937இல், பிரித்தானியாவில் கைத்தொழில் வடிவமைப்பாளருக்கு வழங்கப்படும் அரச கௌரவத்தைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார். எங்கள் மலைநாட்டுக் கிராமத்துப் பெண்களின் கைவேலையை உற்றுப் பார்த்ததில் உருவான ஒரு வாழ்க்கை, கடலுக்கு அப்பால் இவ்வளவு தூரம் சென்றிருக்கிறது. அந்தக் கிராமத்துப் பெண்களுக்கோ பெயரும் கிடைக்கவில்லை, பெருமையும் கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போவோம்.

எனா டி சில்வா

அலுவிகாரை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது, கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்ட கற்குகை விகாரை. அந்த ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட பழைய குடும்பத்தில் 1922இல் பிறந்தவர் எனா. தந்தை சேர் றிச்சட் அலுவிகாரை, பொலிஸ் மா அதிபர் பதவி வகித்த முதல் இலங்கையர். பின்னர் இந்தியாவில் இலங்கை உயர்ஸ்தானிகராகவும் இருந்தார். எனாவின் கணவர் ஒஸ்மண்ட் டி சில்வா 1955இல் மாமனாரை அடுத்து அதே பொலிஸ் மா அதிபர் பதவிக்கு வந்தார். அரசாங்கத்துடன் ஏற்பட்ட முரண்பாட்டில் 1959இல் அவர் அப்பதவியை இழந்தார்.

எனா அதுவரை பெரிய பதவியிலிருந்தவர்களின் மகளாகவும் மனைவியாகவும் அறியப்பட்டவர். வீட்டின் நிலை மாறிய அந்தக் காலத்தில்தான் அவருடைய சொந்தத் தொழில் தொடங்குகிறது. அப்போது அவருக்கு நாற்பது வயதை நெருங்கியிருந்தது. நாற்பதுகளில் இருக்கும் எம் வகுப்புத் தோழியர் இந்த வரியை இருமுறை படிக்கலாம்.

கொழும்பு அல்பிரட் பிளேசில் அவருக்காக ஒரு வீட்டை வடிவமைத்தவர், அப்போது பெரிதாக அறியப்படாதிருந்த கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. 1960 முதல் 1962 வரை கட்டப்பட்ட அந்த வீட்டில் முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்திருந்தன. இறக்குமதிப் பொருட்கள் கிடைக்காத காலம் என்பதால் உள்ளூர்க் கல்லும் மரமும் ஓடுமே பயன்பட்டன. எங்கள் பாட்டிமார் நாற்சார் வீடு என்று சொல்வதன் நகர வடிவம் அது. இலங்கையின் நவீன கட்டடக் கலையில் அது ஒரு திருப்புமுனை என்று இன்று பேசப்படுகிறது. பிற்காலத்தில் வீடு இருந்த காணி கைமாறியபோது, கல்லும் மரமும் இலக்கமிடப்பட்டுக் கழற்றப்பட்டன. பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் அவ்வீடு மீண்டும் எழுப்பப்பட்டது.

அந்த வீட்டில்தான் எனா பத்திக் வேலையைத் தொடங்கினார். ஓவியரான மகன் அனில் காமினி ஜயசூரியவும், பாவாவின் அலுவலகத்தில் வேலை செய்த இளம் ஓவியர் லக்கி சேனாநாயக்கவும் உடனிருந்தார்கள்.

பத்திக் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். வெள்ளைத் துணியில் முதலில் கோடு வரைவார்கள். எந்தப் பகுதி வெள்ளையாக நிற்க வேண்டுமோ அங்கே உருக்கிய மெழுகைத் தடவுவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும், அந்த நிறம் நிற்க வேண்டிய இடத்துக்கு மெழுகு, பின் அடுத்த சாயம் என்று இளநிறத்திலிருந்து கடுநிறம் வரை செல்ல வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுற்று. கடைசியில் கொதிநீரில் இட்டு மெழுகை அகற்றினால்தான் வேலை எப்படி வந்திருக்கிறது என்று தெரியும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், பரபின் மெழுகு வெடிக்கும். அந்த வெடிப்பில் சாயம் கசிந்து விழும் மெல்லிய கோடுகள் பத்திக்கின் அடையாளம். வரைபவர், மெழுகிடுபவர், தோய்ப்பவர் என்று பல கைகள் சேர்ந்தால்தான் ஒரு துணி முடியும்.

சாவகத்திலிருந்து வந்த இந்தத் தொழில்நுட்பத்தில் எனா இங்கத்தைய கருத்துக்களைக் கொண்டுவந்தார். பழைய கொடிகளிலும் விகாரைச் சுவரோவியங்களிலும் கண்ட உருவங்களும் நிறங்களும் அவருடைய துணிகளுக்கு வந்தன. சேலை, சட்டைத் துணி ஆகியவற்றோடு நிற்காமல் கட்டடங்களுக்கான பெரிய வேலைகளையும் எடுத்தார். 1969இல் முடிந்த பாவாவின் பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலில், வரவேற்பு மண்டபத்தின் கூரைத்தளம் முழுவதும் அவருடைய பத்திக் துணிகள். 1982இல் கோட்டேயில் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கும் கொடிகள் செய்து கொடுத்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அரசன் போன பிறகு கலைஞருக்கு வாங்குபவர் யார் என்ற 1832இன் கேள்விக்கு இவர் கண்ட விடை ஹோட்டல்களும் பொதுக் கட்டடங்களும் கடைவாடிக்கையாளரும். ஒருவரையே நம்பி இருக்கவில்லை. இதே காலத்தில் பார்பரா சன்சோனி, நல்லாயன் கன்னியர்கள் பெண்பிள்ளைகளுக்கு நெசவு பழக்கிய இடத்தில் வண்ணங்களை அமைத்துக் கொடுக்கத் தொடங்கி, அதிலிருந்து 'பெயார்புட்' கைத்தறி நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். கண்டியில் மினெட் டி சில்வா, பெண் கட்டடக் கலைஞராகத் தனித்து நின்று, தும்பறைப் பாய் நெசவையும் உள்ளூர்க் கைவினைகளையும் நவீன வீடுகளுக்குள் கொண்டுவந்தார். கலை என்பது சுவரில் தொங்கும் படம் மட்டுமே என்று இந்தப் பெண்கள் எண்ணவில்லை. கட்டிலும் கதவும் திரையும் தரையும் அவர்களுக்குக் கலைக்கு உரிய இடங்களாயின.

ஊருக்குத் திரும்பியது

1980களில் எனா பொதுநலவாயத் திட்டமொன்றின் கீழ் மேற்கிந்தியப் பகுதியிலுள்ள பிரித்தானிய வேர்ஜின் தீவுகளுக்குச் சென்று கைவினை ஆலோசகராகப் பணிபுரிந்தார். அதன்பின் கொழும்பில் தங்காமல் அலுவிகாரையிலுள்ள பரம்பரை வளவுக்கே திரும்பினார். பெரும்பாலானோர் மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் போனால்தான் முன்னேற்றம் என்று எண்ணிய காலத்தில், பெயர் பெற்ற ஒருவர் எதிர்த்திசையில் வந்தார்.

அங்கே அவர் நடத்திய மரபுரிமை நிலையத்தில் பத்திக்கும் ஊசித்தையல் வேலையும் அயற்கிராமப் பெண்களின் கைகளில் நடந்தன. தச்சு வேலைக்கும் பித்தளை வார்ப்புக்கும் பட்டறைகள் இருந்தன. முன்கூட்டிச் சொல்லி வருபவர்களுக்குச் சமையலும் உண்டு. இருபத்தைந்து வகைக் கறிகளோடு சோறு பரிமாறுவார்கள் என்று அந்த மேசை பெயர் பெற்றிருந்தது. துணி விற்காத மாதத்தில் சாப்பாடு விற்கும். சுற்றுலாப் பயணி வராத மாதத்தில் கட்டளை வேலை இருக்கும். போரும் குழப்பமும் சுற்றுலாவை அடிக்கடி முடக்கிய ஒரு நாட்டில், பல கிளைகளில் கால் வைத்திருப்பது எவ்வளவு தேவை என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

2015 ஒக்டோபரில் தம் 93ஆவது வயதில் எனா டி சில்வா காலமானார்.

தியபுபுல

எனாவோடு தொடங்கிய லக்கி சேனாநாயக்கவின் பாதை வேறு. அவரும் எமது மாவட்டத்தையே வாழிடமாகத் தேர்ந்தார். தம்புள்ளைக்கு அருகே தியபுபுல என்ற இடத்தில் வறண்ட காட்டு நிலத்தில் மரம் நட்டு, நீர் தேக்கி, நீரின்மேல் மேடை கட்டி, அதையே வீடாகவும் பட்டறையாகவும் ஆக்கிக்கொண்டார்.

1979இல் மத்திய வங்கி வெளியிட்ட நாணயத்தாள் தொடரில் இலங்கையின் பறவைகள், விலங்குகள், தாவரங்கள் இடம்பெற்றன. அவற்றை வரைந்தவர் லக்கி. எமது பெற்றோர் தம் சம்பளத்தை எண்ணிய தாள்களில் இருந்தது அவருடைய கோடு. பாராளுமன்ற மண்டபத்தில் பனையோலை வடிவில் தொங்கும் வெள்ளி நிற விளக்குத் தொகுதியும், காலி லைட்ஹவுஸ் ஹோட்டலின் படிக்கட்டைச் சுற்றி நிற்கும் ரந்தெனிவெலைப் போர் வீரர் சிற்பங்களும், தம்புள்ளைக் கந்தலம ஹோட்டலில் சிறகு விரித்த பெரிய ஆந்தையும் அவருடைய படைப்புகள். 2021இல் அவர் மறைந்தார்.

எனா பல கைகளைச் சேர்த்து வேலை செய்தவர். லக்கி தனிமையை நாடியவர். இருவருக்கும் பொதுவானது, உத்தியோகத்தைவிட வேலையை நம்பியது. வேலை நன்றாக இருந்தால் வாங்குபவர் காட்டுக்குள்ளும் தேடி வருவார் என்பதற்கு மாத்தளை மாவட்டம் இரு சாட்சிகளை வைத்திருக்கிறது.

எமது வீடுகளில் வேறு கதை

இவ்வளவையும் படித்த ஒரு தாய் உடனே கேட்பார்: "அவர்களுக்கு வளவு இருந்தது, பாவா இருந்தார், கொழும்பில் ஆட்கள் இருந்தார்கள். என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?" மிக நியாயமான கேள்வி. எனாவின் திறமையைக் குறைக்காமலே இதைச் சொல்லலாம்: விழுந்தால் தாங்குவதற்கு அவருக்குக் கீழே ஒரு பரம்பரை நிலம் இருந்தது. எமது கல்லூரிப் பிள்ளைகளில் பலர் தோட்டத்து லயன்களிலிருந்தும் நகரத்துச் சிறு கடைகளின் பின்கட்டுகளிலிருந்தும் வருபவர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் மாத்தளைத் தமிழ் மக்கள் கடையையும் வீட்டையும் கைத்தொழிலையும் நெருப்புக்குக் கொடுத்தார்கள். பட்டறை எரிந்தால் தொழில் போய்விடும். சான்றிதழ் எரிந்தால் மறுபிரதி எடுக்கலாம். அந்த அனுபவத்துக்குப் பிறகு பெற்றோர் பிள்ளைகளிடம் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகத்தைக் கேட்டார்கள் என்றால் அதைக் கலை வெறுப்பு என்று சொல்வது தவறு. அது பயத்திலிருந்து வந்த அன்பு. எம்மில் பலர் வைத்தியரானதற்கும் ஆசிரியையானதற்கும் அந்த அன்புதான் காரணம்.

ஆயினும் காலம் சிறிது திறந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நுண்கலையைத் தமிழிலேயே படிக்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டத்துக்கு உளச்சார்புப் பரீட்சை வழியாகப் போகலாம். ஹட்டன் பகுதியிலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்ற ஓவியர்கள் தேயிலைத் தோட்டப் பெண்களின் வாழ்வையே தம் படைப்பின் பொருளாக்கி, கொழும்பின் காட்சிக்கூடங்கள் வரை கொண்டு சென்றிருக்கிறார்கள். வளவு இல்லாத வீட்டிலிருந்தும் வழி உண்டு என்பதற்கு அவர்கள் சான்று.

வழி உண்டு என்பதால் அது எளிது என்று ஆகிவிடாது. ஆகவே முன்சென்றவர்களின் வாழ்விலிருந்து சில நடைமுறை விடயங்களைச் சொல்லி வைக்கிறோம்.

முதலாவது, விலை. துணி, மெழுகு, சாயம் ஆகியவற்றின் செலவை மட்டும் கூட்டி அதன்மேல் கொஞ்சம் வைத்து விற்பவர் தம் உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறார். செலவிட்ட மணித்தியாலங்கள், உதவியவருக்கான கூலி, பழுதாய்ப்போன துணி, மின்சாரம், போக்குவரத்து, வேலை இல்லாத மாதங்கள் எல்லாம் விலைக்குள் வர வேண்டும். கட்டளை வேலை எடுக்கும்போது முற்பணம் வாங்குவதும், எத்தனை முறை மாற்றம் செய்து தருவோம் என்பதை எழுத்தில் வைப்பதும் மரியாதைக் குறைவல்ல.

இரண்டாவது, உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஓவியத்துக்கான பதிப்புரிமை பதிவு செய்யாமலே படைத்தவருக்கு உரியது. அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். ஆடை, பாத்திரம் போன்ற பொருளின் வடிவமைப்பைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்தால் 5 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு. மேலும் இரு தடவை புதுப்பித்து 15 ஆண்டுகள் வரை நீடிக்கலாம். புதிய வடிவமைப்புக்கே பதிவு என்பதால், முகநூலில் படம் போடுவதற்கு முன் விண்ணப்பத்தைப் போடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, முதுமை. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. தனியாகத் தொழில் செய்பவருக்கு அது தானாக வராது. இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை சுயதொழில் புரிவோருக்காக ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. இளவயதிலேயே சேர்ந்தால் தவணை சிறிது.

நான்காவது, உடம்பு. இதைச் சொல்ல எமக்குத் தொழில்ரீதியான உரிமையும் உண்டு. சாய வேலை செய்யும் பெண்களின் கைத்தோல் வெடித்து அரிப்பதும், குனிந்திருந்து இடுப்பு பிடிப்பதும், மங்கிய வெளிச்சத்தில் தைத்துக் கண் நோவதும் வைத்தியருக்குப் பழக்கமான முறைப்பாடுகள். நப்தோல் சாயத்தோடு காஸ்டிக் சோடா சேர்கிறது. வெறுங்கையால் அதைத் தொடக்கூடாது. மெழுகுப் புகையைப் பூட்டிய அறைக்குள் சுவாசிக்கக்கூடாது. கையுறை, திறந்த யன்னல், இடுப்பளவு உயரமான மேசை, நேரத்துக்கு ஓய்வு ஆகியவை ஆடம்பரமல்ல. சாயநீரைக் கிணற்றடியிலோ ஓடையிலோ ஊற்றுவது அயலாரின் உடம்பையும் கெடுக்கும். கைதான் முதலீடு என்றால் முதலில் காக்க வேண்டியதும் அதுவே.

பெயர் இல்லாத கைகள்

வரலாற்றுக் கட்டுரை என்ற முறையில் ஒரு குறையையும் பதிய வேண்டும். எனாவின் பெயர் நூல்களில் இருக்கிறது. லக்கியின் பெயர் இருக்கிறது. அவர்களோடு மெழுகிட்ட, தோய்த்த, தைத்த அலுவிகாரைப் பெண்களின் பெயர்களைத் தேடினால் எளிதில் கிடைப்பதில்லை. குமாரசுவாமியின் காலத்தில் கிராமத்துப் பெண்களுக்கு நேர்ந்தது நூறு ஆண்டு கழித்தும் மாறவில்லை. ஒரு கலைஞரின் சுயாதீனம் பலருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்பதை மறைத்தால் இளம்பிள்ளைகள் தவறான பாடம் கற்பார்கள். ஆகவே தொழில் தொடங்கும் எம் தங்கையர், உடன் உழைப்பவருக்குக் கூலியோடு பெயரையும் கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்கட்டும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

அரசன், விகாரை, ஹோட்டல் என்று கலைஞரை ஆதரித்தவர்களின் வரிசையைப் பார்த்தோம். அந்த வரிசையில் ஒரு பாடசாலையும் நிற்கலாம். வரையத் தெரிந்த பழைய மாணவியிடம் "எங்கள் பிள்ளைதானே, சும்மா செய்து தரட்டும்" என்று கேட்பது ஊரெங்கும் உள்ள வழக்கம். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் எண்ணிக் கொடுக்கும் ஊர், பின்திரை வரைந்தவளுக்குப் பொன்னாடை போர்த்து அனுப்புகிறது. பொன்னாடையைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியாது.

இரண்டாம் நூற்றாண்டில் கால் வைக்கும் எமது சங்கம் மூன்று காரியங்கள் செய்யலாம் என்று பணிவோடு முன்மொழிகிறோம். கொடி, சான்றிதழ், நினைவுச்சின்னம், மேடை அலங்காரம் எதுவானாலும் முதலில் எம் பழைய மாணவியரிடம் விலை கேட்டு, அந்த விலையைக் கொடுத்து, அவர் பெயரையும் அச்சிட்டுச் செய்விப்பது ஒன்று. உயர்தரத்தில் சித்திரம் எடுக்கும் மாணவிகளை ஆண்டுக்கொரு முறை அலுவிகாரைக்கும் ஹபுவிடவுக்கும் அழைத்துச் சென்று, அங்கே வேலை செய்தவர்களின், செய்பவர்களின் பெயர்களையும் நினைவுகளையும் கேட்டு எழுதச் செய்வது இரண்டு. கலையைத் தொழிலாகக் கொள்ளத் துணியும் பிள்ளைக்கு முதல் மூன்று ஆண்டுகள் வட்டியில்லாக் கடனாக ஒரு சிறு முதல் கொடுப்பது மூன்று. வளவு இல்லாத பிள்ளைக்குச் சங்கமே வளவாக இருக்கலாம்.

செலவு என்று பார்த்தால் ஒரு விளையாட்டு விழாவின் செலவுக்குள் இவை அடங்கும். இவ்வாண்டு சாதாரண தரம் எழுதும் பிள்ளைகளிலும் சித்திரத்தில் சிறந்தவர்கள் இருப்பார்கள். "சித்திரம் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று அவர்களிடம் யாராவது கேட்டால், அலுவிகாரை, தியபுபுல, ஹபுவிட என்று மூன்று ஊர்களின் பெயரைச் சொல்லட்டும். நான்காவதாக எமது கல்லூரியின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் நிலையை உருவாக்குவது மூத்தவர்களாகிய எம் பொறுப்பு.